பழங்காசு நோட்டம்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர் நாட்டின் பணத்தை இன்றும் 'வெள்ளி' என்றே வழங்குகின்றனர். மலேசிய அரசு 1975ஆம் ஆண்டில் 'ரிங்கிட்' என்னும் பெயரை முறைப்படி ஏற்றுக்கொண்ட பின்னரும் தமிழர் நாவில் வெள்ளி வெள்ளியாகவே நின்றுவிட்டது. கையில் புழங்குவனவோ தாளும், எஃகு முதலிய எளிய உலோகங்களும். அவற்றில் வெள்ளி அணுவளவும் இல்லை. ஆயினும் பெயர் நிற்கிறது. ஏன்? அப்பெயர் ஏற்பட்ட காலத்தில் ஒரு வெள்ளி என்பது மெய்யாகவே வெள்ளியாக இருந்தது என்பதே விடை.

'ரிங்கிட்' என்னும் மலாய்ச் சொல்லும் இத்தகையதே. பற்களைப் போல வெட்டு வெட்டாக அமைந்த விளிம்பை உடையது என்பது அதன் பொருள். முன்னாளில் இத்தீபகற்பத்தில் புழங்கிய ஸ்பானிய வெள்ளிக்காசின் விளிம்பு அவ்வாறு பல் வெட்டப்பட்டிருந்தமையால் அப்பெயர் வந்தது. ஒரே காசைக் கண்ட இரு மக்களுள் தமிழர் அதன் உலோகத்தைப் பெயராக்கினர். மலாய் மக்கள் அதன் விளிம்பைப் பெயராக்கினர்.

இவ்விரு பெயர்களையும் சேர்த்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். பழங்காசு மெய்யா பொய்யா என்று காண வேண்டுமானால் முதலில் நோக்க வேண்டியவை அதன் உலோகமும் விளிம்புமே. விற்பவன் சொல்லும் கதையும், காசின் மேலுள்ள பளபளப்பும், ஏன், அதில் பொறித்த ஆண்டும் கூடப் பின்னரே வரும்.

நோட்டம் என்னும் கலை

காசின் மாற்றையும் மெய்ம்மையையும் ஆராய்வதைத் தமிழில் 'நோட்டம்' என்பர். அதைத் தொழிலாகக் கொண்டவர் நோட்டக்காரர். சங்க காலத்திலேயே இத்தொழிலுக்கு 'வண்ணக்கன்' என்னும் பெயர் இருந்தது. வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், வடமவண்ணக்கன் தாமோதரனார் என்னும் புலவர்தம் பெயர்களைத் தமிழாசிரியர் அறிவர். காசு நோட்டம் பார்ப்பவரும் பாட்டு எழுதினர் என்பது நம் இலக்கியம் தரும் செய்தி. 'நாணயம்' என்னும் சொல்லும் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும்.

இக்கலை இன்று மீண்டும் வேண்டப்படுகிறது. ஆங்கிலேயர் காலத்து வெள்ளிக்காசுகளைச் சேர்ப்போர் தொகை பெருகியுள்ளது. விலை ஏறவே போலிகளும் பெருகின. இரவுச் சந்தைகளிலும் பழம்பொருள் கடைகளிலும் தட்டுத் தட்டாகக் குவிந்திருக்கும் 'பழைய' வெள்ளிக்காசுகளுள் அண்மையில் செய்த போலிகளும் கலந்திருக்கும்.

கேடு ஒரு பக்கம் மட்டும் அன்று. தோட்டப்புறக் குடும்பங்கள் பலவற்றில், பாட்டன் பாட்டி காலத்து வெள்ளிக்காசு ஒன்றிரண்டு டிரங்குப் பெட்டியின் அடியிலோ சுருக்குப் பையிலோ சாமி படத்தின் பின்னாலோ இருக்கும். அது வியர்வை சிந்தி ஈட்டிய கூலியின் எச்சம். அதன் தன்மை அறியாத பேரப்பிள்ளைகள் 'இது மங்கிக் கிடக்கிறது, கள்ளக்காசு போலும்' என்று எறிந்துவிடுவதும், பழைய உலோக விலைக்குத் தள்ளிவிடுவதும் உண்டு. போலியை மெய்யென்று வாங்குவோர் பணத்தை இழக்கின்றனர். மெய்யைப் போலியென்று கழிப்போர் குடும்ப வரலாற்றையே இழக்கின்றனர். இவ்விரண்டாம் இழப்பே பெரிது.

காசுகள் வந்த வழி

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய மூன்றும் 1826ஆம் ஆண்டில் ஒரே ஆட்சியின் கீழ் இணைக்கப்பட்டன. ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸ்' என்றும், தமிழில் நீரிணைக் குடியேற்ற நாடுகள் என்றும் இவை வழங்கப்பெறும். முதலில் கிழக்கிந்தியக் கும்பினியாரும், 1858க்குப் பின் இந்திய அரசினரும் இவற்றை ஆண்டனர். 1867 ஏப்ரல் முதல் நாள் தொடங்கி இவை பிரிட்டிஷ் முடியரசின் நேர் ஆட்சிக்கு வந்தன.

கல்கத்தாவிலிருந்த ஆட்சியினர் ரூபாயில் கணக்கு எழுதினர். துறைமுக வணிகரோ ஸ்பானிய வெள்ளியிலும், பின்னர் மெக்சிகோ வெள்ளியிலும் கொடுக்கல் வாங்கல் செய்தனர். கடைத்தெரு ஆட்சியாளரின் ரூபாயை ஏற்கவில்லை. மக்கள் கைப்பழக்கத்தில் வேரூன்றிய காசைச் சட்டத்தால் மட்டும் பெயர்த்துவிட இயலாது என்பதற்கு இது நல்ல சான்று.

செப்புக் காசுகளில் கும்பினியின் பெயரும் விக்டோரியா அரசியின் தலையும் 1845ஆம் ஆண்டும் பொறித்த ஒரு காசு, அரைக் காசு, கால் காசு ஆகியவை பெயர் பெற்றவை. 1862ஆம் ஆண்டுக் காசுகளில் 'இந்தியா ஸ்ட்ரெயிட்ஸ்' என்னும் தொடர் காணப்படும். 1871இல் 5, 10, 20 காசு வெள்ளி நாணயங்கள் 'ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸ்' என்னும் பெயருடன் வெளிவந்தன. 50 காசு நாணயம் 1886இல் தோன்றியது.

முழு வெள்ளிக்கு மட்டும் நெடுங்காலம் அயலார் காசையே நம்பியிருந்தனர். 1895ஆம் ஆண்டு முதல் பம்பாய், கல்கத்தா அக்கசாலைகளில் பிரிட்டிஷ் வணிக வெள்ளி அடிக்கப்பட்டது. கையில் சூலம் ஏந்தி நிற்கும் பிரிட்டானியா என்னும் பெண்ணுருவும், அவளுக்குப் பின்னே கடலில் ஒரு கப்பலும் அதன் ஒரு முகத்தில் உள்ளன. மறுமுகத்தில் 'ஒரு வெள்ளி' என்பது சீன எழுத்திலும், ஜாவி எழுத்தில் மலாய் மொழியிலும் பொறிக்கப்பட்டுள்ளது. இறுதியில் 1903ஆம் ஆண்டில் இந்நாட்டிற்கென்றே தனி வெள்ளி நாணயம் பிறந்தது. ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூடிய உருவத்துடன் அதை அடித்ததும் பம்பாய் அக்கசாலையே. மறு ஆண்டில் மெக்சிகோ வெள்ளியும் பிரிட்டிஷ் வணிக வெள்ளியும் இங்குச் சட்டப்படி செல்லும் பணம் என்னும் நிலையை இழந்தன.

ஒரே வெள்ளி, மூன்று எடை

1903, 1904ஆம் ஆண்டுகளின் வெள்ளி நாணயம் 26.95 கிராம் எடையும் 37 மில்லிமீட்டர் அகலமும் உடையது. ஆயிரத்தில் 900 பங்கு தூய வெள்ளி. எஞ்சிய 100 பங்கு செம்பு. அஃதாவது 24.26 கிராம் தூய வெள்ளி அதில் உண்டு.

1906 சனவரியில் ஒரு வெள்ளியின் மதிப்பு 2 ஷில்லிங் 4 பென்சு என்று நிலைநிறுத்தப்பட்டது. அதே வேளையில் உலகச் சந்தையில் வெள்ளி உலோகத்தின் விலை ஏறிக்கொண்டிருந்தது. காசின் மதிப்பைக் காட்டிலும் அதனுள் இருக்கும் உலோகத்தின் விலை மிகுமானால் என்ன நேரும்? மக்கள் காசை உருக்கி விற்பர். அல்லது கப்பலேற்றி அனுப்புவர். ஆதலின் அரசு காசைச் சுருக்கியது. 1907ஆம் ஆண்டு முதல் வந்த வெள்ளி நாணயம் 20.21 கிராம் எடையும் 34 மில்லிமீட்டர் அகலமுமே கொண்டது. மாற்று மட்டும் அதே 900. தூய வெள்ளி 18.19 கிராமாகக் குறைந்தது.

முதல் உலகப் போர்க் காலத்தில் வெள்ளி விலை மீண்டும் ஏறியது. இம்முறை மாற்றே பாதியாக வெட்டப்பட்டது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவத்துடன் 1919, 1920, 1925, 1926 ஆகிய ஆண்டுகளைத் தாங்கி வந்த வெள்ளி நாணயம் 16.85 கிராம் எடையுடையது. அதில் ஆயிரத்தில் 500 பங்கே வெள்ளி. தூய வெள்ளி 8.43 கிராம்.

பதினாறு ஆண்டுகளுக்குள் காசில் இருந்த வெள்ளி மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. ஆனால் கடையில் அது ஒரு வெள்ளியே. இதை அறியாதார் 1903ஆம் ஆண்டுக் காசையும் 1920ஆம் ஆண்டுக் காசையும் இரு கைகளில் ஏந்திப் பார்த்து, இலேசாக இருப்பது கள்ளக்காசு என்று முடிவு செய்வர். பாதிச் செம்பு கலந்த காசு தேய்ந்தால் சிவப்பு நிறம் இலேசாக வெளிப்படும், மங்கியும் தோன்றும். அதுவும் ஐயத்தை வளர்க்கும். ஆயினும் அது முற்றிலும் மெய்யான அரசுக் காசு. எந்த ஆண்டுக்கு எந்த எடை, எந்த மாற்று என்னும் சட்டத்தை அறிந்த பின்னரே ஒரு காசைக் குறை கூறுதல் தகும்.

சில்லறைக் காசுகளுக்கும் இது பொருந்தும். தொடக்கத்தில் 20 காசு நாணயம் 5.43 கிராம், 10 காசு 2.71 கிராம், 5 காசு 1.36 கிராம் எடையுடன் ஆயிரத்தில் 800 பங்கு வெள்ளியைக் கொண்டிருந்தன. பிற்காலத்தில் மாற்று பலமுறை மாறியது. 'மலாயா' என்னும் பெயர் தாங்கிய 10, 20 காசுகளில் 1939, 1941ஆம் ஆண்டுகளுக்கு உரியவை 750 மாற்று. 1943, 1945ஆம் ஆண்டுகளுக்கு உரியவை 500 மாற்று. 1948ஆம் ஆண்டுக் காசுகளிலோ வெள்ளியே இல்லை. செம்பும் நிக்கலும் கலந்த உலோகமே உண்டு.

முதற் சான்று: எடையும் அடர்த்தியும்

நோட்டம் பார்ப்பவருக்கு முதலில் வேண்டிய கருவி, கிராமில் நூறில் ஒரு பங்கைக் காட்டும் சிறு தராசு. இன்று இது சிறு விலைக்குக் கிடைக்கும். அதனுடன் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கை அளக்கும் இடுக்கி அளவி ஒன்றும், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் உருப்பெருக்கி ஒன்றும் இருந்தால் போதும்.

எடை குறித்து ஒரு விதி உண்டு. புழக்கத்தில் தேய்ந்த காசு எடை குறையலாம். எந்தக் காசும் புழங்கியதனால் எடை கூடுவதில்லை. ஆதலால் நன்கு தேய்ந்த 1903ஆம் ஆண்டு வெள்ளி நாணயம் 26.6 கிராம் நின்றால் வியப்பில்லை. எழுத்துகள் கூர்மையாக இருக்க, எடை மட்டும் 24 கிராம் என்றால் அது ஐயத்திற்குரியது. 28 கிராம் என்றால் கையிலெடுத்த காசைத் திருப்பிக் கொடுத்துவிடுதல் நலம்.

எடை மட்டும் ஒத்திருந்தால் போதுமா? போதாது. போலி செய்வோர் எடையைச் சரிசெய்து கொள்ளும் திறம் பெற்றவர். செம்பு நிக்கல் கலவையில் சற்றுத் தடிமனாகச் செய்தால் எடை ஒத்துவிடும். ஆனால் ஒன்றை அவரால் எளிதில் ஒப்பச் செய்ய இயலாது. அதுவே அடர்த்தி.

தூய வெள்ளி ஒரு கன சென்டிமீட்டர் 10.49 கிராம் நிற்கும், செம்பு 8.96 கிராம் நிற்கும். இவற்றிலிருந்து கணக்கிட்டால் 900 மாற்று வெள்ளியின் அடர்த்தி ஏறத்தாழ 10.3, 800 மாற்று 10.1, 500 மாற்று 9.7 எனப் பெறப்படும். செம்பு நிக்கல் கலவை 8.9 அளவிலும், பித்தளை 8.5 அளவிலும், இரும்பு 7.9 அளவிலும் நிற்கும்.

இதை அளக்கும் முறை எளிது. ஒரு குவளை நீரைத் தராசின் மேல் வைத்து, தராசைச் சுழிக்குக் கொண்டு வருக. காசை மெல்லிய நூலில் கட்டி, நீரில் முழுதும் மூழ்கும்படியும் குவளையின் அடியையோ பக்கத்தையோ தொடாதபடியும் தொங்கவிடுக. காசில் காற்றுக் குமிழி ஒட்டியிருத்தல் கூடாது. இப்போது தராசு காட்டும் எண், காசு ஒதுக்கிய நீரின் எடை. காசின் எடையை இவ்வெண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். 1903ஆம் ஆண்டு வெள்ளி நாணயம் மெய்யானதாயின் தராசு ஏறக்குறைய 2.61 காட்டும். அதே எடையுடைய செம்பு நிக்கல் போலி 3.03 காட்டும். இவ்வேறுபாட்டைச் சிறு தராசே காட்டிக் கொடுத்துவிடும். ஆர்க்கிமிடீஸ் கண்ட நெறி இதுவே. காசுக்குச் சிறிதும் கேடு விளையாது என்பது இதன் சிறப்பு.

காந்தம் கொண்டு பார்ப்பதும் வழக்கம். காந்தத்தில் ஒட்டும் வெள்ளிக்காசு பொய் என்பது உறுதி. ஒட்டாத காசு மெய் என்று சொல்லிவிட முடியாது. செம்பும் பித்தளையும் ஒட்டமாட்டா. கல்லில் தட்டி ஓசை கேட்பது பழைய முறை. அதனால் விளிம்பு நசுங்கும். உரைகல்லில் உரசுவதும் அமிலம் இடுவதும் தட்டார் பட்டறைக்கு ஏற்றவை; சேர்த்து வைக்கும் காசுக்கு ஏற்றவை அல்ல.

இரண்டாம் சான்று: விளிம்பு

விளிம்பில் பல் வெட்டியது அழகுக்காக அன்று. முற்காலத்தில் காசின் ஓரத்தைச் சிறிது சிறிதாக நறுக்கி வெள்ளி திருடுவோர் இருந்தனர். பல் வெட்டிய விளிம்பில் கை வைத்தால் உடனே தெரிந்துவிடும். ரிங்கிட் என்னும் பெயரே திருட்டைத் தடுத்த அமைப்பின் பெயர் எனலாம்.

மெய்யான காசு இரண்டு அச்சுகளுக்கிடையே வைத்துப் பேரழுத்தத்தால் அடிக்கப்படுவது. அப்போது அதைச் சுற்றியிருக்கும் வளையமே விளிம்பின் பற்களை உண்டாக்கும். ஆகவே பற்கள் ஒரே இடைவெளியுடன், நேராக, ஒரு முகத்திலிருந்து மறு முகம் வரை ஒழுங்காக ஓடும். வார்ப்பில் ஊற்றிய போலிக்கு இவ்வொழுங்கு வாய்ப்பதில்லை. இரு பாதி அச்சுகள் பொருந்திய இடத்தில் விளிம்பின் நடுவே ஒரு கோடு தோன்றும். அதை அரம் கொண்டு தேய்த்து மறைப்பர். தேய்த்த இடத்தில் பற்கள் சிதைந்திருக்கும். பத்து வெள்ளிக்காசுகளை அடுக்கி விளிம்பை மட்டும் நோக்கினால் போலி தானே வேறுபட்டு நிற்கும்.

மற்றொரு வஞ்சமும் உண்டு. மெய்யான காசின் இரு முகங்களையும் மெல்லிய தகடாக அறுத்தெடுத்து, நடுவில் மலிந்த உலோகத்தை வைத்து ஒட்டிவிடுவர். முகம் இரண்டும் மெய்; நடு மட்டும் பொய். மேற்பரப்பை மட்டும் ஆராயும் கருவியும் இதில் ஏமாறக்கூடும். விளிம்பில் உள்ள இணைப்புக் கோடும், நீரில் காட்டும் அடர்த்தியும் இவ்வஞ்சத்தை வெளிப்படுத்தும்.

மூன்றாம் சான்று: முகமும் எழுத்தும்

உலோகமும் விளிம்பும் தேறிய பின்னரே முகத்தை நோக்குதல் முறை. அடித்த காசில் எழுத்தின் ஓரங்கள் கூர்மையாக எழுந்து நிற்கும். எழுத்துகளுக்கிடையே உள்ள வெளி வழுவழுப்பாக இருக்கும். வார்த்த காசில் எழுத்து சோப்பில் செதுக்கியது போல் மழுங்கியும், வெளிப்பரப்பில் ஊசி குத்தியது போன்ற சிறு குழிகள் நிறைந்தும் காணப்படும். சீன எழுத்தையும் ஜாவி எழுத்தையும் சிறப்பாக நோக்க வேண்டும். அம்மொழிகளை அறியாதார் செய்த போலியில் கோடுகள் திசை மாறியும் புள்ளிகள் விட்டுப்போயும் இருப்பதுண்டு. பக்கத்து வீட்டு மலாய் நண்பரும் சீன நண்பரும் இங்கு நல்ல நோட்டக்காரர் ஆவர்.

அக்கசாலைக் குறியையும் காண்க. பம்பாயில் அடித்த பிரிட்டிஷ் வணிக வெள்ளியில் சூலத்தின் நடுக்கிளையில் 'பி' என்னும் ஆங்கில எழுத்து மிகச் சிறிதாகப் பொறித்திருக்கும். உருப்பெருக்கி இன்றி இது தெரியாது. போலியில் இஃது இல்லாமலோ வெறும் புள்ளியாகவோ போய்விடும்.

ஆண்டையும் மன்னரையும் பொருத்திப் பார்ப்பது வரலாறு கற்றோர்க்கு எளிது. பிரிட்டிஷ் வணிக வெள்ளி 1895க்கு முன் இல்லை. 1935க்குப் பின்னும் இல்லை. விக்டோரியா அரசி 1901இல் மறைந்தார். இந்நாட்டு வெள்ளி நாணயம் 1903இல் பிறந்தது. எனவே விக்டோரியா தலையுடன் 'ஸ்ட்ரெயிட்ஸ் செட்டில்மெண்ட்ஸ் ஒரு வெள்ளி' என்று ஒன்றை எவரேனும் காட்டினால், அது அக்கசாலையில் பிறந்த காசு அன்று, கற்பனையில் பிறந்தது. 1905, 1906ஆம் ஆண்டுகளுக்கும் வெள்ளி நாணயம் இல்லை. 1925ஆம் ஆண்டுக்கு உரியது மிக அரிது. எளிதாகக் கிடைக்கும் 1920ஆம் ஆண்டுக் காசின் கடைசி எண்ணைச் சுரண்டி 5 ஆக்கும் வஞ்சத்திற்கு இது இடமளிக்கும். ஆதலால் கடைசி எண்ணைச் சுற்றிக் கீறலும் பள்ளமும் உண்டா என்று காணல் வேண்டும்.

இன்னும் ஒரு நுட்பம். போலி செய்வோர் மெய்யான காசு ஒன்றையே மூலமாக வைத்து அச்சு எடுப்பதுண்டு. அம்மூலக் காசின் கன்னத்தில் ஒரு கீறல் இருந்தால், அவ்வச்சில் பிறக்கும் போலிகள் எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே கீறல் இருக்கும். மெய்யான இரு காசுகள் ஒரே வகையில் அடிபட்டிருத்தல் இயலாது. இரு காசுகளில் ஒரே வடு இருக்குமானால் இரண்டையும் விலக்குக.

பிரிட்டிஷ் வணிக வெள்ளியிலும் மெக்சிகோ வெள்ளியிலும் சிறு சீன முத்திரைகள் குத்தியிருப்பதைக் காணலாம். இவை காசைச் சோதித்து ஏற்ற வணிகர் அக்காலத்தில் இட்ட அடையாளங்கள். அறியாதார் இவற்றைக் குறை என்பர். உண்மையில் இவை அக்கால நோட்டக்காரரின் கையொப்பங்கள். ஆனால் இம்முத்திரைகளையும் போலியில் குத்திவிடுவோர் இன்று உளர். முத்திரை உண்டு என்பதனாலேயே காசு மெய்யாகிவிடாது.

ஆண்டு பொய், காசு மெய்

காசில் பொறித்த ஆண்டே அது பிறந்த ஆண்டு என்று கொள்ளுதல் எப்போதும் பொருந்தாது. 1820களின் இறுதி முதல் சிங்கப்பூர் வணிகர் சில்லறைத் தட்டுப்பாட்டைப் போக்க இங்கிலாந்தில் செப்புக் காசுகளைச் செய்வித்துக் கொணர்ந்தனர். 'கெப்பிங்' எனப்படும் இவற்றுள் சேவல் உருவம் பொறித்தது பெயர் பெற்றது. அதில் ஜாவி எழுத்தில் 'தானா மெலாயு' என்னும் பெயரும் ஹிஜ்ரி 1247 என்னும் ஆண்டும் உண்டு. ஹிஜ்ரி 1247 என்பது 1831ஆம் ஆண்டை ஒட்டியது. பின்னர்ச் செய்த காசுகளிலும் அவ்வாண்டு மாறவில்லை. 1804 என்று பொறித்த வணிகர் காசுகளும் உண்டு. அந்த ஆண்டில் சிங்கப்பூர்க் குடியேற்றமே ஏற்படவில்லை. அது 1819இல் தோன்றியது.

இவை அரசு அடித்த காசுகள் அல்ல, ஆண்டும் சரியன்று. எனினும் இவற்றைப் போலி என்று தள்ளுவார் இல்லை. அக்கால மக்கள் கையில் மெய்யாகப் புழங்கி, அரிசியும் மீனும் வாங்கித் தந்தவை இவை. ஒரு பொருள் எக்காலத்தில், எதற்காகச் செய்யப்பட்டது என்பதே அதன் மெய்ம்மையை முடிவு செய்யும்.

மெய்யான காசுக்கு வரும் கேடு

போலியால் வரும் கேட்டைக் காட்டிலும் அன்பினால் வரும் கேடு மிகுதி. குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்கும் நம் வீட்டு வழக்கம் நல்லதே. அதே புளியும் சாம்பலும் பழங்காசின் மேல் பட்டால், நூறாண்டாகப் படிந்த மேற்பரப்பும் அடித்தபோது ஏற்பட்ட இயற்கை ஒளியும் ஒரே நாளில் அழிந்துவிடும். நுண்ணிய கீறல்கள் காசு முழுவதும் பரவும். அதன்பின் எவராலும் அதைப் பழைய நிலைக்குக் கொணர இயலாது. கறுத்திருக்கும் வெள்ளிக்காசு அழுக்கானது அன்று. காற்றிலுள்ள கந்தகம் பட்டுப் படிந்த மெல்லிய படலமே அது. மண் ஒட்டியிருந்தால் தூய நீரில் அலசி, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தல் போதும், தேய்த்தல் கூடாது.

ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தோர் அறிய வேண்டியது ஒன்று உண்டு. பதப்படுத்திய ரப்பரில் கந்தகம் உண்டு. காசுகளை அடுக்கி ரப்பர் வளையத்தால் கட்டி வைத்தால், அது பட்ட இடம் கரும்பட்டையாகக் கறுத்துவிடும். மலிவான நெகிழி உறைகளும் கேடு செய்வன. நம் நாட்டு வெப்பத்தில் அவை கசிந்து காசின் மேல் பச்சை நிறப் பிசினை உண்டாக்கும். அமிலம் இல்லாத தாள் உறையும், ஈரம் உறிஞ்சும் மணிகள் இட்ட சிறு பெட்டியும் சாலச் சிறந்தவை. காசைத் தொடும்போது முகத்தைத் தொடாமல் விளிம்பைப் பிடித்தல் வேண்டும்.

சில காசுகளில் வளையம் பற்றவைத்த தடமோ துளையோ காணப்படும். ஒரு காலத்தில் மாலையாகவோ அரைஞாணாகவோ அணிந்தவை அவை. சேகரிப்போர் சந்தையில் இவற்றுக்கு விலை குறைவு. ஆனால் குடும்பத்தில் இவற்றின் மதிப்பு குறைவன்று. வங்கி எட்டாத இடத்தில் வாழ்ந்த பெண்களுக்கு உடம்பில் அணிந்த காசே வங்கியாக இருந்தது.

வாங்குவோரும் வைத்திருப்போரும்

காசு வாங்குவோர் முதலில் நூலை வாங்குதல் வேண்டும் என்பது சேகரிப்போரிடையே வழங்கும் நன்மொழி. எந்த ஆண்டுக்கு எந்த எடை என்னும் பட்டியல் கையிலின்றிச் சந்தைக்குச் செல்லுதல், வாய்ப்பாடு அறியாமல் கடை வைப்பதை ஒக்கும். மெய் என்று உறுதியான, எளிய விலையுள்ள காசு ஒன்றை முதலில் பெற்று, அதை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுதல் நன்று. கோலாலம்பூரில் மலேசிய மத்திய வங்கியின் அரும்பொருளகத்தில் நாணயங்களுக்கென்றே கூடம் உண்டு. அங்கே மெய்யான காசுகளைக் கண்டு கண்ணைப் பழக்கலாம். சந்தை விலைக்கு மிகக் குறைவாக ஓர் அரிய காசு கிடைக்கிறது என்றால், அவ்விலை குறைவே முதல் எச்சரிக்கை. சான்று நிறுவனங்கள் முத்திரையிட்ட பெட்டியில் வரும் காசும் ஆராய்வுக்கு அப்பாற்பட்டதன்று. பெட்டியையும் போலியாகச் செய்வோர் உளர்.

வீட்டில் காசு வைத்திருப்போர் விற்பதற்கு முன் எடை பார்க்க வேண்டும். ஆண்டைக் குறிக்க வேண்டும். ஒருவரிடம் மட்டும் கேட்டு முடிவு செய்யாதிருத்தல் வேண்டும். அது யாருடையது, எப்படி வந்தது என்பதைப் பெரியவர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதி வைத்தல் அதனினும் இன்றியமையாதது. காசின் எடையைப் பிறகும் அளக்கலாம். பாட்டியின் நினைவைப் பிறகு அளக்க முடியாது.

வகுப்பறையில் ஒரு காசு

ஒரே ஒரு பழங்காசு பல பாடங்களைத் தாங்கி நிற்கும். எடையை நீரின் எடையால் வகுப்பது கணக்கு. அடர்த்தி காண்பது அறிவியல். மன்னர் பெயரும் ஆண்டும் வரலாறு. மூன்று எழுத்துகள் ஒரே காசில் நிற்பது இந்நாட்டு மக்களின் கூட்டு வாழ்வு. வண்ணக்கன், நோட்டம், மாற்று, அக்கசாலை என்னும் சொற்கள் தமிழ். ஐந்தாம் ஆறாம் வகுப்பு மாணவர் ஒரு தராசும் குவளையும் கொண்டு இச்சோதனையைத் தாமே செய்துவிடுவர்.

எல்லாவற்றினும் மேலான பாடம் ஒன்று உண்டு. எவரோ சொன்னார் என்று ஏற்காமலும், மங்கியிருக்கிறது என்று எறியாமலும், அளந்து, ஒப்பிட்டு, காரணம் கண்டு முடிவு செய்யும் பழக்கமே அது. காசுக்கு வேண்டிய இந்நோட்டம், காதில் விழும் செய்திக்கும் கண்ணில் படும் விளம்பரத்திற்கும் வேண்டும். வெள்ளி என்று வாய் சொல்லும் ஒவ்வொரு முறையும், அச்சொல்லுக்குள் ஒரு காலத்தில் 24 கிராம் மெய்யான வெள்ளி இருந்தது என்பதை இளையோர் அறியட்டும். அறிந்தோர் வீட்டிலுள்ள காசு இனி உருக்குவார் உலைக்குச் செல்லாது.